ஜிம்மின் மனைவிக்கு ஒரு பெயர்



ஒரு கதையில் ஒரு குடும்பம் வருகிறது. கணவனுக்குப் பெயர் உண்டு. மகளுக்கும் மகனுக்கும் பெயர் உண்டு. மனைவிக்கு மட்டும் பெயர் இல்லை. கதை முழுவதிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கணவன் அவளை நினைத்து அழுகிறான். அவள் யாரை நினைத்து அழுதாள் என்பதை எவரும் கேட்கவில்லை.

இது யாரோ ஒரு சாதாரண எழுத்தாளரின் கதையல்ல. மார்க் ட்வெய்ன் எழுதிய ‘ஹக்கிள்பெரி பின்னின் சாகசங்கள்’ என்னும் அமெரிக்க நாவல். 1884 டிசெம்பரில் இங்கிலாந்திலும் 1885 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்து, இன்றுவரை உலகெங்கும் பாடப் புத்தகமாகவும் கதைப் புத்தகமாகவும் வாசிக்கப்பட்டு வருவது. இந்தப் பழைய நாவலை அதற்குள் இருந்த அடிமைகளின் வாயால் திரும்பச் சொல்லும் புதிய நாவல்கள் சில வந்துள்ளன. அவற்றைப் பற்றி இம்மாதம் பேசலாம் என எண்ணுகின்றேன். இவற்றை நாம் ஆங்கிலத்தில் தேடி வாசிக்க முடியாது போகலாம். ஆனால் அவை எழுப்பும் கேள்வி எமக்குப் புதியதல்ல. ஒருவரது வாழ்க்கையை யார் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதே அக்கேள்வி.

முதலில் மூலக் கதை

மிசிசிப்பி ஆற்றங்கரையில் மிசூரி மாநிலத்துச் சிறிய ஊர் ஒன்று. அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த காலம். ஹக் என்பவன் குடிகாரத் தகப்பனிடம் அடிவாங்கித் தப்பியோடும் வெள்ளைச் சிறுவன். ஜிம் என்பவர் மிஸ் வாட்சன் என்ற பெண்மணிக்குச் சொந்தமான அடிமை. தன்னை 800 டொலருக்குத் தெற்கே நியூ ஓர்லியன்ஸ் பக்கம் விற்பதற்கு எஜமானி யோசிக்கிறாள் என்பதை ஒட்டுக்கேட்ட ஜிம் அன்றிரவே ஓடிப்போகிறார். இருவரும் ஒரு தீவில் சந்தித்து, ஒரு தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகிறார்கள். கதையைச் சொல்பவன் ஹக். நாம் ஜிம்மைப் பார்ப்பது அந்தச் சிறுவனின் கண்களால் மட்டுமே.

ஜிம்மின் மனைவி பக்கத்துப் பண்ணை ஒன்றில் வேறொரு எஜமானுக்கு அடிமையாக இருக்கிறாள். சுதந்திர மாநிலம் ஒன்றை அடைந்தவுடன் ஒரு சதமும் வீணாக்காமல் பணம் சேர்த்து மனைவியை விலைக்கு வாங்குவேன், பிறகு இருவரும் உழைத்துப் பிள்ளைகளை வாங்குவோம், எஜமான் விற்க மறுத்தால் யாரையாவது பிடித்துக் களவாகவேனும் கொண்டுவருவோம் என்று ஜிம் தெப்பத்திலிருந்து திட்டம் சொல்கிறார். இதைக் கேட்ட ஹக் திடுக்கிடுகிறான். தனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரு மனிதனின் ‘சொத்தை’ ஜிம் களவெடுக்கப் போகிறாரே என்று அவனுக்கு மனம் உறுத்துகிறது. தகப்பன் பெற்ற பிள்ளைகளை மீட்க நினைப்பது களவாகத் தெரியும்படி ஒரு சமூகம் தன் சிறுவர்களை வளர்த்து வைத்திருந்தது. ட்வெய்ன் இதை வேண்டுமென்றேதான் எழுதினார். அந்த வகையில் அவர் தன் காலத்துக்கு முந்தியவர் என்பதை நாம் மறுக்கக்கூடாது.

இன்னோர் இடத்தில் ஜிம் விடியற்காலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்து அழுகிறார். நான்கு வயது மகள் எலிசபெத், கடுங்காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். கதவைச் சாத்தச் சொன்னபோது சிரித்துக்கொண்டு நின்றாள் என்று அவளை அறைந்தார். கொஞ்ச நேரத்தின் பின் காற்று அவளுக்குப் பின்னால் கதவைப் படாரென்று அடித்தது. பிள்ளை அசையவில்லை. காய்ச்சல் அவளது செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது என்பது அப்போதுதான் தகப்பனுக்கு விளங்கியது. வாசிப்பவர் நெஞ்சை உலுக்கும் பகுதி இது. அந்தக் காய்ச்சலில் பிள்ளைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவள் யார்? கேட்காத, பேசாத மகளோடு பிறகு எப்படிப் பேசினாள்? நாவலில் இதற்குப் பதில் இல்லை.

கடைசியில் மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்னரே இறந்துவிட்டாள், மரணசாசனத்தில் ஜிம்முக்கு விடுதலை எழுதி வைத்திருந்தாள் என்று தெரியவருகிறது. பொறுமையாகக் கைதியாக இருந்ததற்காக ஒரு சிறுவன் அவருக்கு 40 டொலர் கொடுக்கிறான். ஜிம் மகிழ்கிறார். ஹக் மேற்கே போக நினைக்கிறான். நாவல் முடிகிறது. மனைவியும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜிம் பேசத் தொடங்கியபோது

பேர்சிவல் எவரெட் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2024இல் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். அவ்வாண்டு அமெரிக்காவின் தேசிய புத்தக விருதும் 2025இல் புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தன. அதே ஆறு, அதே தெப்பம், அதே சிறுவன். ஆனால் சொல்பவர் ஜிம். ‘ஜிம்’ என்பது மற்றவர்கள் கூப்பிட்ட பெயர். தனக்குத் தானே அவர் வைத்துக்கொள்ளும் பெயர் ஜேம்ஸ்.

இந்த நாவலில் அடிமைகள் தமக்குள் பேசும்போது திருத்தமான ஆங்கிலத்தில் பேசுகின்றனர். வெள்ளையர் காதில் விழும்போது மட்டும் உடைந்த கொச்சை மொழிக்கு மாறுகின்றனர். எஜமானுக்குத் தான் உயர்ந்தவன் என்ற எண்ணம் கெடாமல் இருந்தால்தான் அடிமைக்கு உயிர் பிழைக்கும். ஆகவே ஜேம்ஸ் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கொச்சையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார். மூல நாவலில் நாம் சிரித்த ஜிம்மின் அறியாமை முழுவதும் இங்கே ஒரு கவசம். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் ஒன்றும் தெரியாதவள்போல நிற்கப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஜேம்ஸ் எழுத ஆசைப்படுகிறார். இன்னோர் அடிமை தன் எஜமானிடமிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்துவந்து கொடுக்கிறான். அதற்காக அவன் உயிரையே இழக்கிறான். கதைக்குள் இப்படி எழுதியவர் ஒரு வரலாற்று உண்மையைத்தான் தொட்டிருக்கிறார். மிசூரி மாநிலம் 1847இல் கறுப்பினத்தவருக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. எழுதத் தெரிந்தவர் தன் கதையைத் தானே சொல்லிவிடுவார் என்பது சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இந்த நாவலில் மனைவிக்கு ஸேடி என்று பெயர் இருக்கிறது. மூல நாவல் மறந்துவிட்ட அவளையும் மகளையும் தேடிப் போவதே ஜேம்ஸின் பயணம். ஆனாலும் தேடுபவரின் கதையைத்தான் நாம் கேட்கிறோம். அவர் ஆற்றில் போன நாட்களில் கரையில் நின்றவளின் கதையைக் கேட்க, ‘ஜேம்ஸ்’ வெளிவருவதற்கு 19 ஆண்டுகள் முன்னர் வந்த இன்னொரு நாவலுக்குப் போகவேண்டும்.

கரையில் நின்றவள்

அது நான்சி ரோல்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 2005இல் எழுதிய ‘என் ஜிம்’. ‘ஜேம்ஸ்’ அளவுக்குப் புகழ் பெறாத சிறிய நாவல். இதைச் சொல்பவள் ஜிம்மின் மனைவி. இங்கும் அவள் பெயர் ஸேடி.

அடிமை முறை ஒழிந்து பல ஆண்டுகள் கழிந்த காலம். ஸேடி இப்போது முதியவள். பேத்தி மரியானை ஒருவன் திருமணம் செய்யக் கேட்டிருக்கிறான். அவனோடு தொலைதூரம் போகவேண்டும். பேத்திக்குத் தயக்கம். இருவரும் துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை ஒன்று தைக்கிறார்கள். பாட்டியிடம் ஒரு போத்தல் இருக்கிறது. அதற்குள் ஜிம்மின் தொப்பித் துண்டு, ஒரு தெறி என்று சின்னச் சின்னப் பொருட்கள். வேறொருவர் பார்த்தால் குப்பையில் போடக்கூடியவை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அது வந்த கதையைப் பாட்டி தன் பேச்சுமொழியிலேயே சொல்கிறாள். மருந்து மூலிகை தெரிந்த பெண்ணாக இருந்தது, ஜிம்மை விரும்பியது, பிள்ளைகளைப் பெற்றது, அவர் ஓடிப்போன பின் எல்லாவற்றையும் தனியே தாங்கியது.

ஹக்கின் தெப்பப் பயணம் ஆண்பிள்ளைகள் விரும்பும் சாகசம். அதே நாட்கள் ஸேடிக்கு எப்படி இருந்தன என்பதை விளங்கிக்கொள்ள அன்றைய சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் ஜிம்முக்கு ‘மனைவி’ என்று ஒருத்தி இருக்கவே இல்லை. 1662இல் வேர்ஜீனியா குடியேற்றத்தில் இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்றது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும். மற்றப் பகுதிகளும் இதைப் பின்பற்றின. இதனால் எஜமான் அடிமைப் பெண்ணைப் பலவந்தப்படுத்திப் பெறும் பிள்ளையும் அவனுக்கே சொத்தாக ஆனது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டபோது உள்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் விலை ஏறியது. பெண்ணின் வயிறு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியானது. கணவன் தப்பியோடலாம். கைக்குழந்தையோடும் காது கேளாத பிள்ளையோடும் தாய் ஓடுவது எப்படி? ஸேடி கரையில் நின்றது துணிவில்லாமையால் அல்ல.

இந்த நாவலில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்றுண்டு. ஸேடி தன் கதையை இரக்கம் தேடிச் சொல்லவில்லை, சாட்சி சொல்வதற்காகவும் சொல்லவில்லை. பேத்தி ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு உதவத்தான் சொல்கிறாள். இத்தனை இழப்பின் பின்னும் ஒருவரை விரும்புவது நட்டமா என்று அந்த இளம்பெண்ணுக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லத் தகுதியுள்ளவள் பாட்டி ஒருத்தியே. சொல்லும்போது கைகள் சும்மா இருக்கவில்லை, தைக்கின்றன. எப்பொருளை எப்போது வெளியே எடுப்பது என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

இன்னொரு பெயரில்லாதவள்

இதேபோல் இன்னொரு புகழ்பெற்ற நாவலும் உண்டு. மார்கரெட் மிட்செல் 1936இல் எழுதிய ‘கோன் வித் த விண்ட்’. 1939இல் படமாகவும் வந்தது. எஜமானியின் மகளைத் தூக்கி வளர்க்கும் அடிமைப் பெண்ணுக்கு அதில் ‘மாமி’ என்பதைத் தவிர வேறு பெயரில்லை. எங்கள் வழக்கில் உள்ள உறவுச்சொல் அல்ல இது. வெள்ளைப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினத் தாதியரை அழைத்த சொல். அந்த வேடத்தில் நடித்த ஹட்டி மக்டானியல் 1940இல் ஒஸ்கார் விருது பெற்ற முதலாவது கறுப்பினக் கலைஞரானார். விருது விழாவிலேயே அவரைச் சக நடிகர்களுடன் அமர்த்தாமல் வேறொரு மேசையில் அமர்த்தினார்கள்.

அலிஸ் ராண்டல் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 2001இல் இக்கதையை மாமியின் மகள் சினாராவின் நாட்குறிப்பாக மாற்றி எழுதினார். அவளுடைய தகப்பன் பண்ணை எஜமான். அப்படியானால் மூல நாவலின் கதாநாயகி அவளுக்குத் தகப்பன்வழிச் சகோதரி. தாயின் பால் அந்தச் சகோதரிக்குப் போனதை மகள் மறக்கவில்லை. மிட்செலின் சொத்துரிமையாளர்கள் பதிப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2001 ஏப்ரலில் நீதிமன்றம் நூலைத் தடுத்தது. மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. நூல் வெளிவந்தது. 2002இல் இருதரப்பும் சமரசமாகின. பின்னர் 2014இல் அதே சொத்துரிமையாளர்களின் அனுமதியுடன் வெளிவந்த வேறொரு நாவலில் மாமிக்கு ரூத் என்று பெயர் கிடைத்தது. ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர் வர 78 ஆண்டுகள் சென்றன.

கற்பனை மட்டுமா?

இவை எல்லாம் இன்றைய எழுத்தாளர்கள் இட்டுக்கட்டியவைதானே என்று சிலர் கேட்கலாம். நாவல் கற்பனைதான். ஆனால் உண்மையான ஸேடிகளின் குரலும் கிடைக்கிறது.

வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹரியட் ஜேக்கப்ஸ், எஜமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்பித் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் மூன்று அடி உயரம். நிமிர்ந்து நிற்க முடியாது. பலகையில் துளையிட்டு, வெளியே நடமாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேலே இருக்கிறாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. 1842இல் வடக்கே தப்பிச் சென்றவர், 1861இல் தன் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். அதில் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றினார். இதனால் அது ஒரு வெள்ளைப் பெண் எழுதிய கற்பனை என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். 1980களில் ஜீன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைத் தேடி, எழுதியவர் ஹரியட் ஜேக்கப்ஸ்தான் என்பதை நிறுவினார்.

இன்னொரு சான்று எம் மனதைப் பிசையக்கூடியது. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்ததும், விற்கப்பட்டுச் சிதறியவர்கள் தம்மவரைத் தேடத் தொடங்கினர். நியூ ஓர்லியன்ஸில் மெதடிஸ்த திருச்சபையினர் நடத்திய ஒரு பத்திரிகையில் 1870களின் இறுதியிலிருந்து ‘தொலைந்த நண்பர்கள்’ என்று ஒரு பத்தி வந்தது. சந்தாதாரர் அல்லாதோருக்கு ஒரு விளம்பரத்துக்கு 50 சதம். போதகர்கள் அதை ஆராதனையில் எழுந்து வாசிக்கும்படி கேட்கப்பட்டனர். என் தாயின் பெயர் இது, எங்களை வைத்திருந்தவர் இவர், இன்னாருக்கு விற்றார், தம்பி அப்போது கைக்குழந்தை, கடைசியாகக் கண்டது இந்த ஊரில். இவ்வாறு வரும் விபரங்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்களையும் தேடினார்கள். சிலர் கண்டடைந்தார்கள். மிகப் பலருக்குப் பதில் வந்ததற்கான தடயமே இல்லை. ஆனாலும் பெயர்களை மறக்காமல் அச்சில் ஏற்றினார்கள். ட்வெய்னின் நாவல் வெளிவந்த அதே ஆண்டுகளில் இந்த விளம்பரங்களும் வந்துகொண்டிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். நாவலில் பெயரில்லாத மனைவி, பத்திரிகையில் தன் பெயரோடு கணவனையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருந்தாள்.

பேச வைத்தலும் பேசுதலும்

ஒடுக்கப்பட்டவரின் குரலை வெளிக்கொணர வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கின்றனர். சமூகவியல் வகுப்புகளில் நாமும் இதைப் படித்தோம். ஆனால் ஒருத்தியைப் பேச வைப்பதும் அவள் பேசுவதும் ஒன்றல்ல. எமது வாசகியரில் பலர் தம் கதையைத் திரும்பத் திரும்பப் படிவங்களுக்குச் சொன்னவர்கள். கேள்வி கேட்டவர் எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று தெரியாது. சொன்னவளுக்கு அந்த இரவு நித்திரையும் வரவில்லை. இத்தகைய பதிவுகளுக்குத் தேவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நிவாரணத்துக்கும் நீதிக்கும் அவை வேண்டும். ஆனால் அது மட்டுமே எம் கதை ஆகிவிடக்கூடாது.

கதை தன் கையில் இருப்பதென்றால் என்னவென்பதை மேலே கண்ட பெண்கள் காட்டுகின்றனர். ஸேடி கேட்பவளைத் தெரிந்தெடுத்தாள். நாளையும் பொருளையும் தெரிந்தெடுத்தாள். ஹரியட் தன் பெயரை மறைத்தார். ஆனால் நடந்ததை மறைக்கவில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்திருப்பது என்ற முடிவும் சொல்பவளுடைய உரிமையே. சொல்லாமல் இருப்பவள் கோழையல்ல. இன்னும் தகுந்த காது கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம்.

மாதர் சங்கத்திலோ வாசிப்பு வட்டத்திலோ இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். உங்கள் சொந்தக் கதையோடு தொடங்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுங்கள். படமாக இருக்கலாம், கூத்தாக இருக்கலாம், பாட்டி சொன்ன கதையாக இருக்கலாம். அதில் பெயரில்லாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பெண்ணைத் தேடுங்கள். அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். அன்று காலை அவள் எத்தனை மணிக்கு எழும்பினாள், யாருக்காகப் பயந்தாள், இரவில் யாரை நினைத்தாள் என்று அவள் வாயாலேயே சொல்லிப் பாருங்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கைவேலை இருந்தால் அதையும் செய்துகொண்டே கேட்கலாம். எழுதத் தெரிந்தவர் எழுதினால், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக்காட்டி அவர் கையிலேயே கொடுங்கள்.